கராம்பு யாழ்ப்பாணத்தில் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்பாயில் எங்கள் வீட்டு முற்றத்தில், கிணற்றடி மதிலோடு சேர்த்து, ஒரு சிமெந்துத் தொட்டியில் கராம்புக் கன்று ஒன்று நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் செவ்வரத்தையைப் பார்க்கமாட்டார்கள், மல்லிகையைப் பார்க்கமாட்டார்கள். "இதென்ன மரம்?" என்று அதைத்தான் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் அடுத்த அரை மணித்தியாலம் போய்விடும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடையில் வாங்குகிற கராம்பை ஊன்றினால் முளைக்குமா?

முளைக்காது. இதை வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பவர்கள்தான் அதிகம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கராம்பு விதை என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது விதையும் இல்லை, காயும் இல்லை. விரியாத பூ மொட்டு. மல்லிகை மொட்டைக் காயவைத்து ஊன்றினால் எப்படி முளைக்காதோ, அப்படித்தான் இதுவும்.

ஒரு கராம்பை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆணிக்கட்டை போல நீண்டிருக்கும் கீழ்ப்பகுதிக்குள்ளேதான் சூலகம் இருக்கிறது. அதற்கு மேலே நாலு பக்கமும் விரிந்து நிற்பவை நாலு புல்லிகள். அவற்றின் நடுவில் இருக்கும் சின்ன உருண்டை, ஒன்றன்மேல் ஒன்று மூடிய நாலு இதழ்கள். அந்த உருண்டையை நகத்தால் உடைத்தால் உள்ளே மடங்கிக் கிடக்கும் கேசரங்களைக்கூடக் காணலாம். இறைச்சிக் கறிக்குள் நாங்கள் போடுவது ஒரு முழுப் பூவை.

பூக்க விட்டால் என்ன நடக்கும்?

பறிக்காமல் விட்ட மொட்டு விரியும்போது இதழ்கள் தொப்பி கழன்றதுபோல விழுந்துவிடும். பிறகு கேசரங்கள் மட்டும் வெண்மஞ்சளாகக் குஞ்சம்போல நிற்கும். அதன்பின் நீள்வட்டமான பழம் வந்து, கடுஞ்சிவப்பாகி, ஊதா நிறத்துக்குப் போகும். விதை அந்தப் பழத்துக்குள்தான். அந்த விதைக்கும் ஆயுள் குறைவு: காய்ந்தால் செத்துவிடும். பழத்திலிருந்து எடுத்த ஒரு கிழமைக்குள் நாற்றுமேடையில் போட்டுவிட வேண்டும். "மாத்தளையிலிருந்து விதை அனுப்பச் சொல்லட்டோ?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தபாலில் வரும்போதே அது போய்விடும், கன்றாகவே கொண்டுவாருங்கள்.

கராம்பு, கிராம்பு, இலவங்கம்: எல்லாம் ஒன்றா?

நாங்கள் கராம்பு என்கிறோம், தமிழ்நாட்டில் கிராம்பு என்கிறார்கள். இலவங்கம் என்ற பழைய சொல்லும் இதற்குத்தான். வெற்றிலையோடு சேர்க்கும் பஞ்சவாசத்தில், ஏலம், சாதிக்காய், தக்கோலம், கர்ப்பூரத்தோடு வரும் இலவங்கம் இந்த மொட்டே. குழப்பம் எங்கே வருகிறதென்றால், அக்கரையில் இலவங்கப்பட்டை என்பது எங்களுடைய கறுவா. யூடியூப்பில் சென்னைப் பிரியாணி பார்த்துவிட்டு "லவங்கம் நாலு" என்பதற்கு நாலு துண்டு கறுவாவைப் போட்ட ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், இதை அவர் வாசிப்பார்.

இதன் சொந்த ஊர் எது? மாத்தளை இல்லையா?

இல்லை. இலங்கையில் கண்டி, கேகாலை, மாத்தளைப் பக்கங்களில் நன்றாக வளர்கிறது என்பதால் எல்லோரும் இங்கத்தைய மரம் என்று நினைக்கிறார்கள். இங்கத்தைய மரம் கறுவா, கராம்பு வந்தேறியது.

அதன் பிறந்த மண், இந்தோனேசியாவின் கிழக்கு மூலையில் மலுக்குத் தீவுகளின் வடக்கே உள்ள சின்னஞ்சிறு தீவுகள்: தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான். தெர்னாத்தேயும் திதோரேயும் கடலுக்குள்ளிருந்து நிமிர்ந்த எரிமலைகள்தான். மலையடிவாரத்தில் ஊர், மேலே மழைக்காடு. எரிமலைச் சாம்பலால் ஆன ஆழமான மண், மாதம் தவறாமல் மழை, பக்கத்திலேயே கடல், பெரிய மரங்களின் நிழல். இவ்வளவும் சேர்ந்த இடத்தில், எட்டுப் பத்து மீற்றர் உயரத்தில், கூம்பு வடிவில், எப்போதும் பச்சையாக நிற்கும் மரம் இது. தளிர் இளஞ்சிவப்பு. நெடுங்காலம் உலகத்துக்குப் போன கராம்பு முழுவதும் இந்தச் சின்னத் தீவுகளிலிருந்து போனதுதான்.

  

அப்படியென்றால் எங்கள் பக்கத்துக்கு எப்போது வந்தது?

மரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மொட்டு வந்துவிட்டது. மன்னாரில் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில், எங்கள் தேவாரங்கள் மாதோட்டம் என்று பாடும் அந்தப் பழைய துறைமுகத்தில், அகழ்வு செய்தபோது மண்ணைச் சலித்து எடுத்த தானியங்களோடு ஒரே ஒரு கராம்பும் கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. மிளகும் அங்கே கிடைத்தது. மிளகு பக்கத்துச் சரக்கு. கராம்போ நேர்கோட்டில் அளந்தாலே ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கப்பல் மாறிக் கப்பல் மாறி வந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன் யாரோ ஒருவருடைய கையிலிருந்து தவறி விழுந்த ஒரு மொட்டு. அந்தக் காலத்து விலைக்கு, அவர் குனிந்து தேடாமல் விட்டிருக்கமாட்டார்.

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் கராம்புக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

கோட்டைக்குள் கராம்பு வளர்த்ததாக நினைத்துக் கேட்டால், இல்லை. ஆனால் கோட்டையைப் பிடித்தவர்களுக்கும் கராம்புக்கும் உள்ள சம்பந்தம் சின்னதல்ல.

1512 அளவில் போர்த்துக்கேயர் மலுக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிப் போன மகெல்லனின் கூட்டத்தில் மிஞ்சிய ஒரே கப்பலான விக்டோரியா 1522இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது, அதன் வயிறு நிறையத் திதோரேக் கராம்பு. மகெல்லனும் இறந்து, மற்றக் கப்பல்களையும் இழந்த பயணத்தின் செலவை அந்த ஒரு கப்பல் சரக்கே ஈடுசெய்தது. பிறகு வந்தது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி. 1605இல் மலுக்குத் தீவுகளில் ஒன்றான அம்பொனைப் பிடித்தது. யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் பறித்ததும் அதே கொம்பனி.

அதற்கு ஆறு வருடம் முன், 1652இல், தெர்னாத்தே சுல்தானோடு அவர்கள் ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். சுல்தானுக்கு வருடாவருடம் பணம். பதிலுக்கு அவருடைய தீவுகளில் கராம்பு மரங்களை வெட்டி ஒழிக்க வேண்டும். அம்பொனிலும் அதை அண்டிய சில தீவுகளிலும் மட்டும் கராம்பு நிற்கலாம், அதுவும் கொம்பனிக்கே விற்கவேண்டும். தப்பி நிற்கும் மரங்களைத் தேடி வெட்டத் துடுப்புப் படகுகளின் படை ஒன்று தீவுதீவாகப் போனது. ஒரு மரம் பிறந்த மண்ணிலேயே அதை வேரறுத்தார்கள், விலை விழக்கூடாது என்பதற்காக. எங்கள் ஊரில் சந்தைக்கு வந்த தக்காளியை விலையில்லாமல் தெருவில் கொட்டிய விவசாயியை நான் கண்டிருக்கிறேன். அது இயலாமை. இது கணக்கு.

அந்த வெட்டுக்குத் தப்பியது என்று சொல்லப்படும் ஒரு மரம் தெர்னாத்தே மலைச்சரிவில் இருந்தது. அஃபோ என்று பெயர். மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயது என்பது அந்த ஊர்ப் பேச்சு.

பிறகு எப்படி உலகம் முழுக்கப் பரவியது?

களவில். 1770இல், மொரீசியசில் அதிகாரியாக இருந்த பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் அனுப்பிய கப்பல்கள் கராம்பு, சாதிக்காய்க் கன்றுகளை ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் கொண்டுவந்தன. அவருடைய குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் மிளகு என்று அர்த்தம். மிளகுக்காரர் கராம்பு கடத்தியிருக்கிறார்! மொரீசியசிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத் தீவான சன்சிபாருக்குப் போய், அங்கே அடிமைகளின் உழைப்பில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. 1872இல் அடித்த புயல் சன்சிபாரின் மரங்களைச் சாய்த்தது. பக்கத்துத் தீவான பெம்பா முன்னுக்கு வந்தது.

இன்று அதிகம் விளைவிப்பது மறுபடியும் இந்தோனேசியாதான். அங்கே விளைவதில் பெரும்பங்கு சட்டிக்குப் போவதில்லை. புகையிலையோடு கராம்பு கலந்த கிரெத்தெக் என்ற சிகரெட்டுக்குப் போகிறது. பற்றவைத்து இழுக்கும்போது கராம்பு வெடிக்கும் சத்தத்தை வைத்தே அந்தப் பெயர்.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் வளருமா?

நிலத்தில் நட்டு, பூத்து, பறித்து விற்கிற அளவுக்கு வளராது. இதை நேரே சொல்வதற்காக என்மேல் கோபித்தவர்கள் உண்டு. ஆனால் இரண்டு கன்றைச் சாகவிட்ட பிறகு சொல்கிறேன்.

முதல் கன்றுகள் இரண்டையும் மலைநாட்டு நாற்றுமேடை ஒன்றில் வாங்கினேன். "எங்கேயும் வரும்" என்று சொல்லித்தான் தந்தார்கள். ஐப்பசியில் கோப்பாய்ச் செம்மண்ணில் குழி வெட்டி, மாட்டெரு போட்டு நட்டேன். மாரி முழுக்க அழகாக நின்றன, தளிர்கூட விட்டன. தை கழிந்து கிணற்று நீர் இறைக்கத் தொடங்கியதும் இலை வெளிறியது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். வைகாசியில் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, எடுத்தது. இலை நுனி கருகி, ஓரம் சுருண்டு, ஆடி அமாவாசைக்கு முன் இரண்டும் விறகு.

காரணம் மூன்று. முதலாவது மழை. கராம்புக்கு வருடம் முழுக்கப் பரந்த மழை வேண்டும். எங்களுக்கு விழுவதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டி முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வெறுமை. இரண்டாவது சுண்ணாம்பு. குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. கிணற்று நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். கராம்புக்குப் பிடித்தது சற்றுப் புளித்தன்மையுள்ள மண். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது, இலை வெளிறுவது அதனால்தான். மூன்றாவது காற்று. வாடைக்காற்றைக் கராம்பு தாங்கும், அந்தக் காற்று ஈரமாக இருக்கும். சோளகம் தோலை உரிக்கும்.

சன்சிபாரும் முருகைக்கல் தீவுதானே? அங்கே வளருதே!

நல்ல கேள்வி. கேட்டவர் கப்பலில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணை. எனக்கே இது முதலில் விளங்கவில்லை. சன்சிபாரின் கிழக்குப் பக்கம் எங்கள் தீவகம் போல, கல் வெளியே தெரியும் மெல்லிய மண்தான். கராம்பு அங்கே இல்லை. மேற்குப் பக்கத்து ஆழமான மண்ணிலும், பெம்பாவின் மேடுபள்ளங்களிலும்தான் இருக்கிறது. அங்கே மழையும் வருடத்தில் இரண்டு தரம் வருகிறது. தீவு என்பது ஒரே சொல், அண்ணை, மண் ஒன்றல்ல.

தொட்டியில் வைத்தால்?

வைக்கலாம், வாசத்துக்கும் ஆசைக்கும். என் மூன்றாவது கன்றுக்கு நாலு வயது, இடுப்பளவு உயரம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

தொட்டியில் செம்மண் கால் பங்குதான். மிச்சம் உக்கிய இலைக்குப்பை, நன்றாகக் கழுவிய தும்புத்தூள், கொஞ்சம் மாட்டெரு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். வேரடியில் தண்ணீர் தேங்கினால் வறட்சியைவிட வேகமாகச் சாகும். காலை வெயில் படலாம், பன்னிரண்டு மணி வெயில் படக்கூடாது. தெற்கேயும் மேற்கேயும் மதில் அல்லது கிடுகு மறைப்பு. மண்ணுக்கு மேலே எப்போதும் சருகு மூடாக்கு.

தண்ணீர்தான் முக்கியம். மாரியில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து மூடிவைத்து அதையே ஊற்றுகிறேன். ஆவணி அளவில் அது முடிந்துவிடும். அந்த இரண்டு மாதம் கிணற்று நீர்தான், வேறு வழியில்லை. இலை வெளிறுவதைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவேன். மழை விழுந்ததும் மீளும்.

பூக்குமா என்றால், நல்ல இடத்திலேயே முதல் பூவுக்கு ஆறேழு வருடம் போகும், முழுக் காய்ப்புக்குப் பதினைந்து இருபது வருடம். தொட்டியில் நான் அதை எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றும்போது ஒரு இலையைக் கசக்கி மணப்பேன், அது போதும்.

கன்று வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

இலையைக் கசக்கி மணந்து பார் என்பார்கள். அது பாதி உண்மை. கராம்பு மணத்துக்குக் காரணம் இயூஜினோல் என்ற எண்ணெய்ப் பொருள், அது வேறு மரங்களிலும் இருக்கிறது. கறுவா இலையைக் கசக்கினால் கறுவாப் பட்டை மணக்காது, கராம்புதான் மணக்கும். துளசியிலும் அதன் சாயல் உண்டு. சர்வசுகந்தி என்ற மேற்கிந்தியத் தீவு மரத்தின் கன்றையும் கராம்பென்று விற்றுவிடுவார்கள். கறுவா இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் தடித்து ஓடும். கராம்பில் நடுநரம்பு ஒன்றுதான், மற்றவை மெல்லியவை. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

சந்தையில் நல்ல கராம்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலை உருண்டை கழன்று விழாமல் இருக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியவேண்டும். ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் நல்லது தாழும், அல்லது தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கையும் பழசும் படுத்து மிதக்கும். தூளாக வாங்காதீர்கள். மொட்டின் காம்புகளையும் சேர்த்து அரைத்துவிடுவார்கள், காம்பில் எண்ணெய் குறைவு. முழுசாக வாங்கிக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி வையுங்கள்.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள், பறிப்பதை ஒருதரம் பார்க்கவேண்டும். ஒரு கொத்தில் எல்லா மொட்டும் ஒன்றாக முற்றாது. பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும்போது, இதழ் விழுமுன், ஏணி வைத்துக் கையால் பறிக்கவேண்டும்; கொப்பு முறுகல், இழுத்தால் ஒடியும். மூன்று கிலோ பச்சை மொட்டு வெயிலில் நாலைந்து நாள் காய்ந்தால் ஒரு கிலோதான் மிஞ்சும். ஒரு வருடம் அள்ளித் தந்த மரம் அடுத்த வருடம் கைவிரிக்கும்.

யாழ்ப்பாணக் கறித்தூளுக்குக் கராம்பு போடுவதா?

வீட்டுக்கு வீடு சண்டை. எங்கள் அம்மா தூளுக்குப் போடமாட்டா; ஆட்டிறைச்சி சமைக்கும் அன்று சரக்காக இடித்துப் போடுவா. மாமி வீட்டில் தூளோடு வறுத்தே திரிப்பார்கள். நான் அம்மா பக்கம். மீன்குழம்புக்குக் கராம்பு மணந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பல்லுக்கொதிக்குக் கராம்பெண்ணெய் விடலாமா?

கொதிக்கிற பல்லில் ஒரு முழுக் கராம்பை மெல்லக் கடித்து வைத்திருப்பது பழைய கைமருந்து. இயூஜினோலுக்கு மரக்கச் செய்யும் தன்மை உண்டு. பல் வைத்தியர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும் பசையிலும் துத்தநாக ஒட்சைட்டோடு அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் எண்ணெய் வேறு கதை. மொட்டில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்கு இருப்பதை வடித்துச் சேர்த்தது அது. நேரே விட்டால் பல்முரசு வெந்துபோகும். சின்னப் பிள்ளைகள் சில மில்லிலீற்றர் குடித்தாலே ஈரல் பாதிக்கப்பட்டு ஆபத்தாகியிருக்கிறது. போத்தலை மேல்தட்டில் வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கராம்பெண்ணெயை வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம். கொதி அடங்கினாலும் சூத்தை அப்படியேதான் இருக்கும், பல்லைக் காட்டத்தான் வேண்டும்.

உங்களிடம் கன்று கிடைக்குமா?

இல்லை. பூக்காத மரத்தில் விதை ஏது? ஆனால் கராம்பின் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வளவில் நிற்கிறார். நாவல். கராம்பும் நாவலும் ஜம்புவும் ஒரே பேரினம். கொய்யா அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் தூரத்து உறவு. நாவல் பூவை உற்றுப் பாருங்கள்: அதே தொப்பி கழலும் இதழ், அதே குஞ்சக் கேசரம். சுண்ணாம்பு, சோளகம், உவர் எதற்கும் அது அசையவில்லை. நாவற்குழி என்று ஒரு ஊருக்கே பெயரும் வாங்கிக்கொடுத்துவிட்டது. போன வருடம் பறவைகள் போட்ட கொட்டையில் வேலியோரம் பத்துப் பதினைந்து கன்று எழும்பி நிற்கிறது. மாரி தொடங்கியதும் ஒரு பையோடு வாருங்கள், காசு வேண்டாம்.